குழந்தை டாக்டர் போட்ட கட்டு

மலாயாவில், லாபிஸ் ஊர் ரயிலடிக்கு அருகே ஒருவர் குழந்தைகளுக்கு மட்டும் வைத்தியம் செய்வதாகப் பலகை மாட்டியிருந்தார். கோட்டும் கழுத்தில் குழாயுமாக இருந்தவரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். எங்கள் இரண்டு வயது மகளுக்கு ஜுரத்தில் வலிப்பு வந்ததும் அவரிடமே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினார். பிறகு குழந்தையின் கால்களைக் குறுக்காக வைத்துக் கயிற்றால் ஒரே இழுப்பில் கட்டினார். என் மனைவி மாட்டுவண்டிக்காரர் மகள். அதைப் பார்த்ததும் அலறினாள்.

"ஐயோ, இது மாட்டைச் சாய்க்கிற கட்டுங்க! யோவ், நீ மாட்டுக்குச் சூடு போடுறவன்தானே?"

"ஆமா, ரெங்கம் ஊர்ல எத்தனையோ மாட்டுக்குப் போட்டேன். ஒண்ணாச்சும் செத்துச்சா? தள்ளு பொம்பள!"

கம்பி குழந்தையின் வயிற்றை நோக்கி இறங்கியது. நான் கையால் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. அவன் என் நெஞ்சில் உதைத்தான். மனைவி முக்காலியைத் தூக்கி அவன் மண்டையில் அடித்தாள். ரத்தம் வழிய விழுந்தும் அவன் கயிற்றை விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்துத்தான் பிள்ளையை மீட்டாள்.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் பிள்ளையை வாங்கக் கையை நீட்டியபோது முதன்முறையாக வாய் திறந்து கேட்டேன்: "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

"சிங்கப்பூர்ல பிள்ளைங்க வார்டுலதான் அண்ணே. முதல்ல பிள்ளையைக் குடுங்க."

மகள் பிழைத்தாள். என் வலக்கை இன்றும் முழுதாக மூடாது. இப்போது எங்கள் பிள்ளைகளைத் தொட வரும் எந்த வைத்தியரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறேன். கோபிப்பவரிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை.