விதைக்காத பன்னிரண்டு அடி

பிள்ளைகளா, தினமும் சாயங்காலம் உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன கவனிச்சீங்க?" என்று கேட்பேனே, அந்தத் தொல்லையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அடுத்தவர் பார்க்காததைப் பார்ப்பதுதான் பிழைக்கும் வழி என்று எனக்கு ஒரு எண்ணம். வாய்ப்பை யாரும் கையில் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள், கண்ணைப் பழக்கினால் தானாகத் தெரியும் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மழை நாளில் மட்டும் பள்ளிக்கூட வாசலில் குடை ரிப்பேர்காரர் வந்து உட்காருவதைப் பெரியவள் சொன்னாள். பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்று சின்னவன் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நான் கவனித்ததாக உங்களிடம் சொன்ன ஒன்று பாதிக் கதைதான். மீதியை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் தை மாதம். சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். நெல்லை அறுத்து எடுக்கும்போது கீழே உளுந்து முளைத்து நிற்கும். அதற்கு மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. அந்த நாளை நான் சரியாகப் பிடித்தேன். ஊரில் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது தெளித்து முடித்துவிட்டேன். நம் அறுப்பு மெஷினின் பெல்ட்டுச் சக்கரம் ஏறியபோது முளை மண்ணை ஒட்டிச் சின்னதாக இருந்ததால் தப்பித்தது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால், அறுத்த நெல் தாளுக்கு நடுவே நெருக்கமாக இரண்டு இலை விட்டு நின்றது உளுந்து.

நம் வயலுக்கு உள்பக்கம் மூன்று மா இருக்கிறதல்லவா, அந்த ஒரு ஏக்கரை ஒரு அக்கா குத்தகைக்குச் செய்கிறார். நமக்கு உறவில்லை. ஆனாலும் வாய் நிறையத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். ரோட்டிலிருந்து அவர் வயலுக்கு மெஷின் போக நம் வயலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். உள் வயல்காரர் அறுக்கும்வரை வெளி வயல்காரர் வழி விடுவது, நம் ஊரில் யாரும் கேட்டு வாங்குகிற விஷயமில்லை, தானாக நடக்கிற வழக்கம். அவர் நடவு பிந்தியதால் அறுப்பும் பிந்தியது.

நம் அறுப்பு முடிந்த நாலாம் நாள் அவருக்காக மெஷின் வந்தது. நெல்லைக் கொட்டுவதற்கு ரோட்டோரம் நீலத் தார்ப்பாயை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். நான் ஓடிப்போய் மெஷினுக்கு முன்னால் நின்றேன்.

"ஓரமாத்தாண்ணே போறேன். ரெண்டு நிமிஷம்," என்றான் டிரைவர்.

"ஓரமாவா? நீ ஓட்டுறது என்ன சைக்கிளா? இப்பத்தான் ரெண்டு இலை விட்டிருக்கு. உன் பெல்ட்டு ஏறுனா ஒண்ணு மிஞ்சுமா?"

"டிவியில மழைங்கிறான் தம்பி," என்றார் அக்கா. "கதிரு முத்தித் தலை சாஞ்சு நிக்குது."

"டிவிக்காரன் என்னைக்குக்கா சரியாச் சொன்னான்? ஒரு வாரம் பொறுங்க. உளுந்து கொஞ்சம் வேர் புடிக்கட்டும்."

"ஒரு வாரம் கழிச்சு மட்டும் பெல்ட்டு பூ மாதிரியா ஏறும்?" என்று டிரைவர் சிரித்தான். நான் நகரவில்லை. "சரிண்ணே, நீங்க உளுந்தக் காவல் காத்துக்கிட்டிருங்க. திருவாரூர் பக்கம் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, நான் கெளம்புறேன்."

அக்கா சண்டை போடவில்லை. குத்தகைக்காரர் வாய் திறக்க யோசிப்பார் என்பது எனக்குத் தெரியும். அதையும் நான் கவனித்துத்தான் வைத்திருந்தேன். அவர் நாலு கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, தார்ப்பாயை மடித்தார்.

அன்று சாயங்காலம் உங்களிடம், "சரியான நேரத்துல போய் நின்னேன், இல்லேன்னா உளுந்து போயிருக்கும்," என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. நம் வயல் கொஞ்சம் மேடு, தண்ணீர் வடிந்துவிட்டது. அவர் நெல் மொத்தமும் படுத்துத் தண்ணீரில் கிடந்தது, கதிரிலேயே முளைத்தது. வேறு இரண்டு பெண்களோடு சேற்றில் இறங்கி, கிடைத்த வரைக்கும் அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நான் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"உளுந்து நல்லாப் புடிச்சிருக்கு தம்பி."

குத்திக் காட்டவில்லை. உள்ளபடியே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த உளுந்தில் அம்மா வடை சுட்ட அன்று, வயிறு சரியில்லை என்று நான் சாப்பிடாதது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

மண்ணின் ஈரத்தைப் பார்த்த கண்தான் அந்தத் தார்ப்பாயையும் பார்த்தது. எதைப் பார்த்தாலும் 'இதில் எனக்கு என்ன?' என்று கேட்டுப் பழகிய கண், எனக்கு ஒன்றுமில்லை என்றதும் தாண்டிப் போய்விட்டது. ஒருவருக்கு உதவ எனக்குக் கிடைத்த வாய்ப்பு பட்டப்பகலில், நாலு கல் வைத்து விரித்துக் கிடந்தது. உங்களுக்கு நான் பழக்கியதும் இந்தக் கண்ணைத்தானோ என்று பயமாக இருக்கிறது. இனிமேல் சாயங்காலம், "யாருக்கு என்ன வேணும்னு பார்த்தீங்க?" என்றும் கேட்பேன். என்னையும் கேளுங்கள்.

அக்காவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் மழையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

இந்தத் தையில் உளுந்து தெளிக்கிற அன்று விடிந்ததும் தனியாக வயலுக்குப் போனேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. வடக்கு வரப்பிலிருந்து பயிருக்குள் பன்னிரண்டு அடி அளந்து, ரோட்டிலிருந்து அக்கா வயல் வரைக்கும் குச்சி நட்டேன். குச்சிக்கு இந்தப் பக்கம் மட்டும் தெளித்தேன். கை தவறி அந்தப் பக்கம் விழுந்த விதைகளைக் குனிந்து, ஈர மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.