நகர்த்தும் முன் எட்டைக் கூட்டு

நான் செய்த, எண் காட்டும் மின்பலகையை எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் மாட்டிய முதல் நாளே அதைக் கழற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். படித்தது பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரைதான். புரோகிராம் எழுதுவதை போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். பலகையாவது எனக்காகப் பேசட்டும் என்று நினைத்தேன்.

மேல்மாடியில் பச்சை இலையைப் பரப்பி ஃபேன் காற்றில் வாட்டுவோம். அங்கே இரண்டு தெர்மாமீட்டர் உண்டு. ஒன்று வெறுமையாக இருக்கும், மற்றதில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும். வித்தியாசம் இரண்டாக இறங்கினால் காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். சூடான காற்றைத் திறக்க வேண்டும். என் பலகை இரண்டு சென்சார்களைக் கொண்டு அந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் காட்டும்.

அன்று அது 2 என்றது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சூட்டைத் திறக்கச் சொன்னார். இலை பார்க்கும் செல்லம்மாக்கா ஒரு பிடி இலையை இறுக்கிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.

"காத்து நல்லாத்தாங்க இருக்கு. சூட்ட வுட்டா ஓரமெல்லாம் கருகிரும்."

"போர்டு ரெண்டுன்னுல்ல காட்டுது."

"போர்டு இலையத் தொட்டுப் பாத்துச்சாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயா பழைய தெர்மாமீட்டர்களைப் பார்த்தார். வித்தியாசம் மூன்றை ஒட்டி இருந்தது. மத்தியானத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பலகை ஸ்டோருக்குப் போகும் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

சென்சார் ஒரு டிகிரியைப் பதினாறு துண்டாக எண்ணித் தரும். அன்று வெறும் சென்சாரில் வந்தது 398, ஈரத்துணிச் சென்சாரில் 352. முழு டிகிரியாக்க, ஒவ்வொன்றிலும் 0, 1 என்ற பிட்டுகளை வலப்பக்கம் நாலு இடம் நகர்த்தியிருந்தேன். அது பதினாறால் வகுத்து மீதியை எறிந்துவிடும். 398இல் 24 டிகிரி போகப் பதினாலு துண்டு மிஞ்சும். கிட்டத்தட்ட ஒரு முழு டிகிரியையே எறிந்திருக்கிறேன். 352 சரியாக 22. அதில் எறிய எதுவுமில்லை. அதனால்தான் 2.

திருத்தம் ஒரே வரி. முதலில் கழித்தேன்: 46. மீதி அரை டிகிரியைத் தொட்டால் அடுத்த முழு எண்ணுக்கு ஏறட்டும் என்று, அரை டிகிரிக்கான எட்டைக் கூட்டினேன்: 54. அதன் பிறகே நாலு இடம் நகர்த்தினேன். பலகையில் 3 வந்தது.

அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"நான் காலையில சொன்னத இப்பத்தான் சொல்லுது."

பலகை இன்றும் அங்கேதான் தொங்குகிறது. முழு எண்ணாக்கும் வேலையை இப்போதெல்லாம் கடைசி வரியில்தான் வைக்கிறேன். புதிதாக எது எழுதினாலும், ஐயாவிடம் காட்டும் முன் மேல்மாடிக்கு ஏறிப்போய் நானே வாய் திறந்து கேட்கிறேன்:

"இலை எப்படிக்கா இருக்கு?"