துடைத்த தரையை மறுபடி துடைத்த நாள்

1. துணி

எங்கள் கராத்தே பள்ளியில் சேருகிறவன் கையில் முதல் நாளே ஒரு பழைய துணியைக் கொடுத்துவிடுவோம். பெல்ட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். வகுப்பு தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எல்லோரும் வரிசையாகக் குனிந்து, துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, இடுப்பை உயர்த்திக்கொண்டு எதிர்ச் சுவர் வரை ஓடித் துடைக்க வேண்டும். ஜப்பானில் இதற்கு சோஜி என்று பெயர். முதல் வரிசையில் வெள்ளை பெல்ட், அதாவது புதிதாகச் சேர்ந்தவன், நிற்கக் கூடாது. பெரிய பெல்ட்தான் நிற்க வேண்டும். எவ்வளவு உயர்ந்தாயோ அவ்வளவு முன்னால் குனிய வேண்டும் என்பது கணக்கு.

சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மூன்று மாதம் என்னைக் குத்தவோ உதைக்கவோ விடவில்லை. துடைக்க மட்டும் விட்டார். அப்போது அவரை மனதுக்குள் திட்டினேன். பிறகு என் இடுப்பும் முழங்காலும் உறுதியானது அதனால்தான் என்று புரிந்தது. கடலூருக்குத் திரும்பி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை மாத வாடகைக்குப் பிடித்து நானே வகுப்பு ஆரம்பித்தபோது அந்த வழக்கத்தையும் கொண்டுவந்தேன்.

பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? முப்பத்தொரு வருஷத்தில் நான் கேட்ட புகார்களை எண்ணியிருக்கிறேன். நான்கு வகைதான் உண்டு. பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. முட்டி தேய்ந்துவிடும். பரீட்சை நேரம். நான்காவது, "ஃபீஸ் கட்டி அனுப்புறோம் மாஸ்டர், வீட்ல ஒரு தட்டைக்கூட எடுத்து வெக்க மாட்டான், இங்க வந்து தொடைக்கிறானா?" இந்தக் கடைசிப் புகாரைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "இங்க டாக்டர் பையனும் தொடைக்கிறான், டிரைவர் பையனும் தொடைக்கிறான்." அதைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள். அது அசைக்க முடியாத பதில் என்று நான் நம்பியிருந்தேன்.

2. ஐந்தாவது புகார்

என்னிடம் கற்றவர்களில் கட்டாவை ஒழுங்காகச் செய்தவர்கள் மூன்று பேர். கட்டா என்றால் எதிரி எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, தனியாக, வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுகள். அந்த மூவரில் ஒருத்தி ஜெசிந்தா. பத்தொன்பது வயது, பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட். சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டு, சாயங்காலம் ரயிலைப் பிடித்து என் வகுப்புக்கு வந்துவிடுவாள். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். பிளாக் பெல்ட் மட்டும் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அவள் பெயரைத்தான் சொல்லியிருந்தேன். கிரேடிங், அதாவது பெல்ட் தேர்வு, அடுத்த மாதம். அவள் அந்த வேலையை எவ்வளவு எதிர்பார்த்தாள் என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எப்படிச் சத்தம் போட்டு எண்ணுவது என்று மொட்டைமாடியில் தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா ஆரோக்கியராஜ் வங்கி அதிகாரி. சில வருஷம் வெளியூர்க் கிளைகளில் இருந்துவிட்டு, அப்போதுதான் மஞ்சக்குப்பத்துக்கு மாறுதல் வாங்கி வந்திருந்தார். ஒரு நாள் மகளை அழைத்துப்போகச் சீக்கிரமே வந்தவர், மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஜெசிந்தா முதல் வரிசையில் துணியோடு குனிந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"மாஸ்டர், என் பொண்ண உதைக்கச் சொல்லுங்க. குத்தச் சொல்லுங்க. குட்டிக்கரணம் போடச் சொல்லுங்க. கையில அந்தத் துணி மட்டும் வேணாம்."

நான் வழக்கமான பதிலை எடுத்துவிட்டேன். "சார், இங்க டாக்டர் பையனும் தொடைக்கிறான்."

"டாக்டர் பையனுக்கு அது வெளையாட்டு மாஸ்டர்" என்றார். "எங்க அப்பாவும் அம்மாவும் முனிசிபாலிட்டில தெரு கூட்டுனவங்க. எங்க அப்பா சாக்கடையில எறங்குனவரு. நான் எட்டாவது படிக்கும்போது வாத்தியார் ஒருத்தர் கிளாஸ் முடிஞ்சதும் என்னை மட்டும் நிறுத்தி வெச்சி கூட்டச் சொல்லுவாரு. 'உனக்குப் பழக்கம்தானடா'ம்பாரு. அதுக்கு அப்புறம் நான் துடைப்பத்தையே தொட்டதில்ல. என் வீட்ல மெஷின் வெச்சிருக்கேன்."

"இது பணிவுக்காக சார். பெரிய பெல்ட்தான் முன்னாடி..."

"பணிவு எங்க வீட்ல நாலு தலைமொறைக்கு ஸ்டாக் இருக்கு மாஸ்டர். ஜாஸ்தியாவே இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் வண்டியை எடுக்கக் கீழே இறங்கிய பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தாவிடம், "முட்டி வலின்னு சொல்லிடும்மா, கிரேடிங் வரைக்கும் ஓட்டிடலாம்" என்றேன்.

"வலி இல்லையே மாஸ்டர்" என்றாள். "எதுக்குப் பொய்? எனக்குத் தொடைக்கிறதுல ஒண்ணும் இல்ல. ஆனா அவரு அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. நான் ஓரமா நிக்கிறேன்."

மறுநாளிலிருந்து மற்றவர்கள் துடைக்கும்போது அவள் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

3. குரூப்பில் வந்த செய்தி

பத்து நாள்கூட ஆகவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செல்வகுமார் கேள்வி கேட்டார். ஹார்டுவேர் கடைக்காரர். மண்டபத்து முதலாளி அவருக்கு மச்சான். "ஒருத்தருக்கு மட்டும் என்ன சலுகை?" என்று ஆரம்பித்தார். இருபத்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் எண்ணினேன். வேறு என்ன செய்ய?

சாயங்காலம் அவரே நேரில் வந்தார்.

"மாஸ்டர், நான் வெளிப்படையா பேசுறவன். தொடைக்க வேண்டியவங்களே சொவத்துல சாஞ்சிக்கினு நிக்கிறாங்க. நம்ம புள்ளைங்க எதுக்கு மாஸ்டர் தொடைக்கணும்?"

"யார் சார் தொடைக்க வேண்டியவங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? வுடுங்க. வாயால வேற சொல்லணுமா?"

இத்தனை வருஷமாக அவர் பையன் துடைத்தபோது ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டவர் இவர். பிள்ளைக்கு ஒழுக்கம் வருகிறது என்று ஆயுத பூஜைக்கு எனக்கு வேட்டி கொடுத்தவர். மற்றவர்களோடு சேர்ந்து துடைத்தால் ஒழுக்கம். அந்தப் பெண் துடைக்காமல் நின்றால் உலகமே தலைகீழ். "நாளையிலிருந்து பையனை அனுப்பாதீங்க" என்றேன். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு.

"நானே நிறுத்தத்தான் வந்தேன்" என்றார். அவரோடு பதினொரு பேர் நின்றுவிட்டார்கள். அந்த மாதமே மண்டபத்து முதலாளி மாடியில் ஏசி போடப்போவதாகச் சொல்லி இடத்தைக் காலி செய்யச் சொன்னார்.

எங்கள் அமைப்பின் தலைவருக்கு சென்னைக்கு ஃபோன் செய்தேன். அவரை ஷிஹான் என்றுதான் அழைக்க வேண்டும். ஏழாவது டான், அதாவது பிளாக் பெல்ட்டில் ஏழாவது படி. முழுவதையும் சொன்னேன். "நம்ம ஸ்கூல்ல சாதி கெடையாது மாஸ்டர், ரூல்தான் உண்டு. கிரேடிங்ல எல்லாரும் தொடைக்கணும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

இதை ஜெசிந்தாவிடமும் அவள் அப்பாவிடமும் சொன்னேன். ஆரோக்கியராஜ் மகளைப் பார்த்தார். "நீ முடிவு பண்ணு பாப்பா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அவள், "கிரேடிங் எத்தனை மணிக்கு மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

4. சிதம்பரத்து ஹால்

கிரேடிங் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஹாலில் நடந்தது. நான் எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போகிறவன். பஸ் நின்றுவிடுமோ, பேனர் தப்பாக அடித்துவிட்டார்களோ என்று கவலை. போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெண்கள் ஃபினாயில் போட்டு ஹால் முழுவதும் மாப் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்பாடு செய்திருந்த உள்ளூர் மாஸ்டர் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம்மா, வீடியோக்காரரு வந்துட்டாரு. பக்கெட்ட வெளிய எடுத்துக்கினு போங்க. ஃப்ரேம்ல தெரியக் கூடாது."

"சோஜி இருக்கே, பிறகு எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"ஷிஹான் ஒக்காருற எடம் மாஸ்டர். புள்ளைங்க தொடச்சா சுத்தமாவா ஆவும்?"

அந்தப் பெண்கள் வாசலுக்கு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார்கள். பிறகு தேர்வுக்கு வந்த பன்னிரண்டு பேருக்கும் புத்தம்புதுத் துணி கொடுத்தார்கள். கஞ்சி போட்ட புதுத் துணி ஈரத்தை இழுக்காது, வழுக்கத்தான் செய்யும். இதைச் சொன்னால் கேட்கக்கூட அங்கே ஒருவரும் இல்லை.

ஷிஹான் வந்தார். மண்டியிட்டு வணக்கம் முடிந்தது. பெல்ட் தேர்வு மனத்தைச் சுத்தம் செய்வதில் தொடங்குகிறது என்று பேசினார். கேமரா ஓடியது. பதினொரு பேர் குனிந்து ஓடினார்கள். ஜெசிந்தா துணியை நான்காக மடித்து முன்னால் வைத்துவிட்டு நேராக நின்றாள்.

"ஏம்மா, நீ என்ன நிக்கிற?"

"தரை தொடச்சாச்சு சார். வெளிய இருக்காங்களே, அந்த அக்காங்க தொடச்சாங்க. இன்னும் காயவே இல்ல."

யாரோ சிரித்தார்கள். ஷிஹானுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எதற்கும் ஒரு வாக்கியம் இருக்கும். "அழுக்கு தரையில இல்லம்மா, மனசுல இருக்கு. இது பணிவு. பெரியவன்தான் மொதல்ல குனியணும்."

"அப்போ அவுங்கள உள்ள கூப்பிடுங்க சார். அவுங்கதான் மொதல்ல குனிஞ்சாங்க. முன் வரிசையில நிக்கட்டும்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. வீடியோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

"யாரு இந்தப் பொண்ணோட மாஸ்டர்?"

நான் எழுந்தேன். "ஷிஹான், கட்டாவ ஒரு தடவ பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

"மொதல்ல தொடைக்கட்டும். அப்புறம் பாக்குறேன்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் மடித்து வைத்த துணியை எடுத்துக் குனிந்தேன். அறுபத்தெட்டு வயதில், அந்த வழுக்குத் துணியோடு எதிர்ச் சுவர் வரை போனேன். வலது முட்டி இரண்டு தடவை சொடுக்கியது. சுவரைப் பிடித்து எழுந்தபோது ஷிஹான் மைக்கில் சொன்னார்: "உங்களுக்கு இன்னைக்கு கிரேடிங் இல்லையே மாஸ்டர்."

ஹாலே சிரித்தது. மகளோடு வந்து வாசலில் நின்ற ஆரோக்கியராஜ் மட்டும் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் செய்ததை அவர் விரும்பவில்லை என்று தெரிந்தது. அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசவும் இல்லை.

கட்டாவுக்கு ஜெசிந்தா பெயரைக் கூப்பிடவில்லை. பதினொரு பேரும் தேறினார்கள். அவர்களில் ஒருத்தி கட்டாவில் இரண்டு இடத்தில் திசை மாறி நின்றாள். பள்ளிக்கூடத்து வேலை பிறகு அவளுக்குத்தான் போனது. அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. துடைக்கச் சொன்னார்கள், துடைத்தாள்.

வெளியே வந்தபோது அந்த இரண்டு பெண்களில் மூத்தவள் படியிலிருந்து எழுந்துவந்து என்னை நிறுத்தினாள்.

"சார், உள்ள ஏதோ தரை தகராறாமே. நாங்க தொடச்சதுல எதுனா கொறையா சார்? காண்ட்ராக்டருகிட்ட சொல்லிடுவாங்களா?"

ஜெசிந்தாதான் சொன்னாள். "ஒரு கொறையும் இல்ல அக்கா. ரொம்ப சுத்தமா இருந்துச்சு. யாரு கேட்டாலும் நான் சொல்றேன்."

அந்தப் பெண் நம்பினாளா தெரியவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பஸ் ஸ்டாண்டில் நான் ஜெசிந்தாவிடம், வேறு அமைப்பில் பேசி அடுத்த மாதமே தேர்வு வைக்கிறேன் என்றேன்.

"வேணாம் மாஸ்டர். பெல்ட் இல்லாட்டி கால் தூக்க வராதா?" என்றாள். இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். வகுப்புக்கு வருவதில்லை. என்னிடமும் இப்போது வகுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அமைப்பிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். ஆறு பிள்ளைகள் என் வீட்டு மாடிக்கு வருகிறார்கள்.

புதிதாக வகுப்பு ஆரம்பிக்கிற இளம் மாஸ்டர்களுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. ஹாலுக்குள் போனதும் தரையைப் பாருங்கள். அழுக்காக இருந்தால் நீங்களே துடையுங்கள். பார்த்துவிட்டுத் தானாகத் துடைக்க வருகிற பிள்ளை வரட்டும். சுத்தமாக இருந்தால் யார் துடைத்தார்கள் என்று விசாரித்து, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரே அளவில் பணிவைப் பரிமாறாதீர்கள். எதிரே நிற்கிற பிள்ளையின் வீட்டில் அதை எத்தனை பேர், எத்தனை வருஷம், யாருக்காகச் செய்து முடித்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.