மூணாம் நம்பர் எழுதிய கவிதை

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் எழுதும் மூன்றாவது கவுண்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்ததால், அவளுக்கு 'மூணாம் நம்பர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயர், வயது எல்லாம் கணீரென்று கேட்பாள். படிவத்தில் 'இனம்' என்ற கட்டம் வந்ததும் குரல் இறங்கிவிடும். அவள் அம்மா ஒரு இனம், அப்பா வேறு. யாராவது சிரித்த முகமாக, "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்றால் போதும், எதுக்கு அடிபோடுகிறார்களோ என்று உஷாராகிவிடுவாள்.

ஒருநாள் கெட்டுப்போன படிவத்தின் பின்பக்கம் எழுதினாள்:

அப்பா வீட்டில் நான் அம்மா ஜாடை,
அம்மா வீட்டில் நான் அப்பா ஜாடை.
கண்ணாடியைக் கேட்டேன்;
'தள்ளி நில், வெளிச்சம் வரட்டும்' என்றது.

மேஜை டிராயரில் போட்டுவைத்தாள். மறுவாரம் அது ஊழியர் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் பார்த்த வேலை? பேனா கடன் கேட்கும் சாக்கில் டிராயரைத் திறக்கும் நாலாம் நம்பர் அக்கா மேல்தான் சந்தேகம். அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "பிரமாதம்மா! சட்டம் போட்டு வாசல்ல மாட்டப்போறோம். பக்கத்துல உங்க போட்டோவும்."

அவர் குழைந்த குழைவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"என் போட்டோ எதுக்கு சார்?"

"பார்த்ததுமே புரியணும் இல்லையா?"

"என்ன புரியணும்?"

"எல்லா இனமும் இங்க ஒண்ணுதான்னு."

"படிவத்துல அந்தக் கட்டத்தை எடுத்துடுவீங்களா சார்?"

"அது மேலிடத்து விஷயம்மா."

"அப்ப என் மூஞ்சி மட்டும்தான் உங்களுக்கு வேணும்."

வெளியே வந்தவள் பலகையிலிருந்த தாளைப் பிய்த்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

அன்று மத்தியானம் நாலாம் நம்பர் அக்கா தயங்கித் தயங்கி வந்தாள்.

"நான்தான் ஒட்டினேன். கேக்காம செஞ்சது தப்புதான். என் பொண்ணு வேற இனத்துல கட்டிக்கிட்டா. இப்ப ஏழு மாசம். நான் இன்னும் அவ வீட்டுப் படி ஏறல. உன் கவிதையப் படிச்சதும் அந்தக் குழந்தை என்னைக் கேக்கற மாதிரி இருந்துச்சு. பொண்ணுக்குக் குடுக்க அதையே ஒரு தாள்ல எழுதித் தர்றியா?"

நடிக்கிறாளோ என்று அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. அதையும் முழுசாக நம்ப மனசு வரவில்லை. ஆனாலும் பேனாவை எடுத்து, நாலு வரியையும் நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.

அக்கா தன் இடத்துக்குத் திரும்பியதும், மூணாம் நம்பர் தன் டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.