இட்லித் தட்டில் பதினோரு ஸ்க்ரூ

ஜூலை 9, புதன், மாலை 4.20, விடாத மழை. என் பழைய லேப்டாப்பைப் பிரித்த தாராவி மெக்கானிக், கழற்றிய ஸ்க்ரூக்களை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தார். எண்ணினேன், பதினொன்று.

“புதுசு வாங்குன்னு பையன் சொல்றான். இதுல காலமான என் ஆத்துக்காரி போட்டோ 612 இருக்கு.”

“புதுசெல்லாம் பவுசுக்குத்தான் சார். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு இலவச சாப்ட்வேர் போட்டுத் தாரேன், நல்லா ஓடும். போட்டோவ மொதல்ல காப்பி எடுத்துருதேன்.”

ஏழு மணிக்கு லேப்டாப் மறுபடி ஓடியது. போட்டோ 612 என்று காட்டியது. நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

“அடிமூடி மாட்டலையா?”

“நீங்க சரின்னு சொன்னாத்தான் சார் ஸ்க்ரூவத் தொடுவேன்.”

நான் பார்த்து முடிக்க ஆன எண்பது நிமிடமும் அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. வந்த இருவரையும் நாளை வரச் சொல்லி அனுப்பினார். ஏனென்று இன்னும் புரியவில்லை. காத்திருந்ததற்கும் சேர்த்துக் கேட்பாரோ என்று பயந்தேன். மொத்தச் செலவு நானூறு ரூபாய்.