முக்பில் பேரம் பேசாத நாள்

முக்பில் என் மனைவி தக்கியாவின் தம்பி. அவனைப் பற்றி நான் ஏதாவது குறையாகச் சொன்னால் அன்றைக்கு எனக்கு வீட்டில் காய்ந்த ரொட்டிதான். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

கஞ்சன் என்று அவனைச் சொல்ல முடியாது. விருந்தாளி வந்தால் ஆடு அறுப்பான். போதைக்கு மெல்ல வைத்திருக்கும் காத் இலையில் பாதியைக் கிள்ளி அடுத்தவனுக்கு நீட்டுவான். அவனுடைய நோய் வேறு. எந்தப் பொருளையும் இன்றைய விலைக்கு வாங்க மாட்டான். "இறங்கும், மச்சான். கொஞ்சம் பொறுங்க" என்பான். சிமெண்ட் விலை இறங்கட்டும் என்று இரண்டு மழைக்காலம் காத்திருந்தான், மாட்டுக் கொட்டகையின் கூரைதான் இறங்கியது. கல்யாணத்துக்கும் அப்படித்தான். பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் பணம் அதிகம் என்று மூன்று வருடம் இழுத்தான். மேலூரிலிருந்த மாமனார் அஹ்சன் சலித்துப்போய் அவராகவே குறைத்துக் கொடுத்தார். இதை இந்த மடையன் சாமர்த்தியம் என்று நினைத்து, கட்டிய மனைவி நூரியா காதில் விழும்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நூரியா பொறுத்துத்தான் பார்த்தாள். போன நோன்புப் பெருநாளில் அந்தப் பொறுமை தீர்ந்தது. பெருநாளுக்கு முன்னால் துணி விலை ஏறியிருக்கிறது, முடிந்ததும் பாதியாகிவிடும் என்று இவன் கணக்குப் போட்டான். பெருநாளன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் புதுத்துணியில் மினுங்க, நூரியா பழைய பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு நாள் கழித்து இவன் ஒரு கட்டுத் துணியோடு வந்து, "பாதி விலை! பாதி விலைக்கு முடிச்சிட்டேன்!" என்று வாசலிலிருந்தே கத்தினான். அவள் துணியை வாங்கினாள், தரையில் விரித்தாள். தன் சாமான்களை எல்லாம் அதில் வைத்து மூட்டை கட்டினாள். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலூருக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து முக்பிலுக்கு மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு. என் பங்கு அஸீத் களியில் அவன் கை விழுவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "கூட்டிட்டு வாடா அவளை" என்று தக்கியா தினமும் கத்துவாள். இவன் தலையைக் குனிந்துகொண்டு விழுங்குவான். ராத்திரியானால் அந்த ஓட்டை வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு அழுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கேட்டதும் எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

கோபித்துக்கொண்டு போனவளைச் சும்மா கைவீசிக்கொண்டு போய்க் கூட்டிவர முடியாது. நாலு பெரியவர்களோடு போய், மாமனார் காலடியில் ஒரு துப்பாக்கியை வைக்க வேண்டும். 'தப்பு என்னுடையது, நீங்கள் சொல்லும் தீர்ப்பு எதுவானாலும் ஏற்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். தீர்ப்பு முடிந்தால் துப்பாக்கி திரும்பி வந்துவிடும். ஆனால் முக்பிலிடம் துப்பாக்கியே கிடையாது. விலை இறங்கட்டும் என்று இருந்தவன்தானே. என்னுடையதைக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த வருடம் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் எங்கள் பள்ளத்தாக்குத் துப்பாக்கிகள் எல்லாம் பிணையாகப் போய், தீர்ப்புச் சொல்லும் ஷேக் வீட்டு அறையில் அடுக்கிக் கிடந்தன. தோள் வெறுமையாக நடக்க வெட்கப்பட்டு ஆளாளுக்கு இன்னொன்று வாங்கக் கிளம்ப, சந்தையில் விலை தாறுமாறாக ஏறிவிட்டது.

சந்தைக்கு அவனை என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். துப்பாக்கி வியாபாரி ஜுப்ரான் ஒரு பழைய கலாஷ்னிகோவை மடியில் கிடத்தி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு?" என்றான் முக்பில்.

"ரெண்டு பசு மாட்டு விலை."

"போன மாசம் ஒரு மாடுதானே!"

"போன மாசம் உன் பொண்டாட்டி உன் வீட்டுல இருந்தா. அப்பவே வந்து வாங்கியிருக்கலாமே?"

சந்தையே சிரித்தது. விஷயம் இங்கே வரைக்கும் வந்திருக்கிறது. முக்பிலின் இடுப்பு வாரில் பணம் இருந்தது, எதையும் வாங்காதவனிடம் எப்போதும் பணம் இருக்கும். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் விலை. அவன் துப்பாக்கியைத் தூக்கினான், முகர்ந்தான், வைத்தான், மறுபடி தூக்கினான். கடைசியில் என் காதுக்குள் வந்து, "ஷேக் தீர்ப்புச் சொல்லிட்டா எல்லாத் துப்பாக்கியும் திரும்பி வந்துரும், மச்சான். விலை படுத்துரும். பொறுப்போம்" என்றான். அங்கேயே அவனை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். என்ன செய்வது, என் மனைவியின் தம்பி ஆயிற்றே.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தால், மாமனார் அஹ்சன் ஒரு கழுதையோடு எனக்காக நிற்கிறார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"தம்பி, என் மகளைக் கூட்டிட்டுப் போங்கப்பா. சாயங்காலம் காத் மெல்ல நாலு பேர் வந்தா, துப்புறீங்கன்னு விரட்டுறா. ஹுக்காவைத் தூக்கி ஒளிச்சு வச்சுட்டா. என் வீட்டுல நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்கிறேன்!"

கழுதை மேலிருந்த சாக்கை அவர் விலக்கினார். உள்ளே அவருடைய துப்பாக்கி.

"இதை முக்பில்கிட்ட குடு. அவன் கொண்டுவந்து என்கிட்டயே குடுக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம்."

இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் உண்டா? ஆனால் முக்பில் அந்தத் துப்பாக்கியைச் சந்தேகமாகப் பார்த்தான். "எவ்வளவு கேக்குறார்?"

"சும்மாதான்டா."

"சும்மாவா? மாமா சும்மா குடுக்கிறார்னா விலை கண்டிப்பா இறங்கப் போகுது, மச்சான்!"

தக்கியா கரண்டியை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் கிளம்பினான்.

பெரியவர்கள் நாலு பேரும் நானும் அவனும் மேலூர் போனோம். அஹ்சன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்தோம். திரைக்குப் பின்னால் பெண்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முக்பில் எழுந்து துப்பாக்கியை மாமனார் காலடியில் வைத்து, "தப்பு என்னோடது, மாமா. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு" என்றான். நடிப்பில்லை அது.

அஹ்சன்தான் நடித்தார். துப்பாக்கியைக் கையில் எடுத்து, அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதோடு தீர்ப்பைச் சொல்லியிருக்கலாம். மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்ல சரக்கு. எங்க வாங்கினே?"

"சந்தையில, மாமா."

"விலை ஜாஸ்தியா இருந்திருக்குமே?"

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். பலிக்கவில்லை. விலை என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க மாமா! பழைய இரும்பு, கட்டை வேற ஆடுதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். கால் மாட்டு விலைக்கு முடிச்சிட்டேன்!"

"கால் மாடா?" அஹ்சன் துள்ளி எழுந்தார். "டேய்! முழுப் பசு குடுத்து வாங்கினேன்டா இதை! எந்தக் கட்டைடா ஆடுது? காட்டுடா!"

பெரியவர்கள் கூரையைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து நூரியாவின் குரல் வந்தது.

"அப்பா, உங்க துப்பாக்கியை உங்களுக்கே குடுத்து என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரா? அதுலயும் கால் மாட்டுக்கா?"

அஹ்சன் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவள் விடவில்லை.

"எனக்காக அவர் இதுவரைக்கும் ஒரு விலை குடுத்ததில்ல. என்னைக் கட்டினதே தள்ளுபடியில. இன்னிக்கு விலைக்கு, பேரம் பேசாம, ஒரு துப்பாக்கி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. இல்லேன்னா வரவே வேணாம்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. முக்பில் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நேராகச் சந்தைக்குப் போகச் சொன்னான். ஜுப்ரான் முன்னால் போய் நின்று, "எவ்வளவு?" என்றான்.

"அதே ரெண்டு மாடு."

"சரி" என்று இடுப்பு வாரை அவிழ்த்தான்.

ஜுப்ரான் வெலவெலத்துப் போனான். முக்பில் பேரம் பேசாமல் பணத்தை எடுத்தால் யாருக்குத்தான் பயம் வராது? "ஏம்பா, ஏதாவது வில்லங்கமா? யாரையாவது சுடப் போறியா? வேணும்னா கொஞ்சம் குறைச்சுக்கிறேன்."

"குறைக்காதே!"

"ஒரு கன்னுக்குட்டி விலை குறைச்சே குடு, என்னை விட்டுடு. நான் குடும்பஸ்தன்."

"குறைச்சே, உன்னைத்தான் சுடுவேன்! முழுசா வாங்கிக்க!"

மேலூரில் அந்தத் துப்பாக்கி கீழே வைக்கப்பட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி எனக்குத்தான் வந்தது. "அண்ணே, பேரம் பேசினாரா?" இல்லை என்று அல்லாஹ் மேல் சத்தியம் செய்தேன். கடைக்காரன் குறைக்க வந்ததையும் இவன் அவனை மிரட்டியதையும் சொன்னேன். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெருநாள் துணி பெருநாளுக்கு முன்னால் வர வேண்டும் என்று அஹ்சன் தீர்ப்புச் சொல்லி, துப்பாக்கியை அங்கேயே திருப்பிக் கொடுத்து, எங்களைக் கிட்டத்தட்டக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். எங்கள் வண்டி திரும்புவதற்குள் ஹுக்கா குமிழியிடும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரமே ஷேக் தீர்ப்புச் சொல்லி, துப்பாக்கிகள் எல்லாம் வீடு திரும்பின. சந்தையில் விலை முக்கால் மாட்டுக்கு விழுந்தது. முக்பில் இதைக் கேட்டால் படுத்த படுக்கையாகிவிடுவான் என்று பயந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மேலே மாடி ஜன்னலில் நூரியா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூணு மாட்டு விலை, தெரியுமா! ஒரு வார்த்தை பேரம் பேசல!"

அந்த வழியாக வந்த எவனோ ஒருவன் துப்பாக்கியைப் பார்த்து நின்றான். "எவ்வளவுக்கு முடிச்சே, முக்பில்?"

முக்பில் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான்.

"மூணு மாடு" என்றான். "ஒரு கன்னுக்குட்டியும்."