யாருடையதோ ஒரு கல்லறை

அந்த எனாமல் குவளை இப்போதும் என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, பிடிக்குப் பக்கத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்துப்போன ஒரு திட்டு. அதில் தேநீர் குடித்தவரை நான் பார்த்ததேயில்லை. அவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு வெகுகாலம் முன்பே, வங்கதேசப் போரில், கிழக்கு எல்லையில் இறந்த சிப்பாய். அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகத் தந்தி வந்ததாம். பிறகு ஒரு தகரப்பெட்டி வந்ததாம். பெட்டியிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், கையில் எடுத்தது இந்தக் குவளையை மட்டும்தான்.

கணவரை ரங்கூன் மண்ணில் புதைத்துவிட்டு, இரண்டு மகன்களோடு கப்பலேறி வந்தவர் அத்தை. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊரில் அவர்களுக்குப் பெயரே பர்மாக்காரங்கதான். மூத்தார் பட்டாளத்தில் சேர்ந்தபோது, "வந்த காலு இன்னும் ஈரம் காயல, அதுக்குள்ள சண்டைக்குப் போறாராம்" என்று டீக்கடையில் சிரித்தார்களாம். தந்தி வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. சின்னவர், என் கணவர், வளர்ந்ததும் அவரையும் அத்தையே பட்டாளத்துக்கு அனுப்பினார். எப்படி மனசு வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "பெரியவன் பாதியில விட்ட வேலைதானே" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

எங்கள் ஊர் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, வாடாமல்லி வைத்து, சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். ஊரே தன் தன் கல்லறையோடு நிற்கும்போது, நிற்பதற்கு ஓர் இடமில்லாமல் நின்றது இந்த ஒரு குடும்பம்தான். அத்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வாய்க்கால் ஓரமாக, பெயர் அழிந்து, கோரை மண்டிக் கிடந்த ஒரு கல்லறையைத் தானே எடுத்துக்கொண்டார்.

கல்யாணமான வருஷம் நானும் கூடப் போனேன். மழை விட்டிருந்தது. சம்பா வயல்களெல்லாம் நீரும் பச்சையுமாக நின்றன. அத்தை குவளையில் பாதிக்கு மணல் நிரப்பி, அதில் மெழுகுவர்த்தியை ஊன்றி ஏற்றினார். வாடைக்காற்றில் சுற்றியிருந்த சுடர்கள் ஒவ்வொன்றாக அணைய, குவளைக்குள் இருந்தது மட்டும் அணையவில்லை. உள்பக்க வெள்ளையில் பட்டு வெளிச்சம் பால் நிறமாகப் பொங்கி வந்தது. வாய்க்கால் தண்ணீரில் இன்னொரு ஊரும் இன்னொரு கல்லறைத் தோட்டமும் மிதந்தன. எது மேலே, எது கீழே என்று எனக்குக் கொஞ்சநேரம் பிடிபடவில்லை.

"இது யாரு அத்தை?" என்றேன்.

"யாரோ. இங்க நான் ஒருத்தருக்கு ஏத்துனா, அங்க ஒருத்தி அவனுக்கு ஏத்தாமலா இருப்பா?"

"அம்மா ஆண்டவருகிட்டயே வியாபாரம் பேசுறாங்க" என்று என் கணவர் கேலி செய்தார். அத்தை சிரிக்கவில்லை. அவருக்கு அது ஒன்றுதான் பிடிமானம் என்பது எனக்கு அன்று தெரியாது.

சில வருஷம் கழித்து, கல்லறைக்கு உரியவரே வந்துவிட்டார். பம்பாயில் இருந்தவராம், தலை நரைத்தவர், கையில் மாலை. அப்பாவின் கல்லறையைத் தேடி வந்தவர், வெள்ளையடித்த மேடையைப் பார்த்துத் திகைத்து நின்றார். அத்தையின் முகம் செத்துப்போயிற்று. அடுத்தவர் வயலில் கதிர் அறுத்துப் பிடிபட்டவர்போல் அவசரமாகக் குவளையைத் தூக்கினார். "ஒங்க எடம் தம்பி. நான் போயிடுறேன்." விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் தன் மெழுகுவர்த்தியை ஏற்றப் பார்த்தார். காற்று விடவில்லை. அத்தை மெல்லக் குவளையை அவர் பக்கம் நீட்டினார். அதே மணலில், அத்தையுடையதற்குப் பக்கத்தில், அவர் தன்னுடையதையும் ஊன்றினார்.

"என்னால வருஷா வருஷம் வர முடியாதும்மா. நீங்களே பாத்துக்குங்க" என்றார் போகும்போது. அன்று அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இடம் நிலைத்தது. சந்தேகம்தான் தீரவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அடிக்கடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஏத்துறாங்களா இருக்கும், இல்ல?" என்பார். ஆமாம் என்பேன். நான் சொல்வதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். "என் தலைமாட்டுல அந்தக் குவளைய வச்சிடாத. அது அந்த வாய்க்கா ஓரத்துலயே எரியட்டும்" என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது எங்களுக்கும் சொந்தமாக ஒரு கல்லறை இருக்கிறது. அத்தையுடையது. என் மகள் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிழக்கு எல்லையில் ஒரு மலையூரில் இருக்கிறாள். இந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று நான் குவளையில் ஏற்றி முடித்த நேரம் அவள் போன் செய்தாள்.

"அம்மா, இங்க கல்லறைக்குப் போயிருந்தேன். வயசான ஒருத்தங்க, பட்டாளத்துக்காரங்க கல்லறைக்கெல்லாம் வரிசையா ஏத்திக்கிட்டே வந்தாங்க. சொந்தமான்னு கேட்டேன். இல்லையாம். சண்டை நடந்த காலத்துல அவங்க அம்மா ஆரம்பிச்சதாம். பெரியப்பா இங்கதான் இருக்காரான்னு தெரியலம்மா. பாதிக் கல்லுல பேரே இல்ல."

போனை வைத்துவிட்டு அத்தையின் கல்லறைக்கு நடந்தேன். தூறல் விழுந்தது. அத்தையின் தலைமாட்டில் வைத்திருந்த மெழுகுவர்த்தி எப்போதோ அணைந்திருந்தது. வாய்க்கால் ஓரத்தில், யாருடையதோ கல்லறையின்மேல், மூத்தாரின் குவளைக்குள் வெளிச்சம் நிறைந்து நின்றது. நான் குனிந்து, அத்தையின் ஈரக்கல்லில் கை வைத்தேன்.

"ஏத்துறாங்களாம் அத்தை" என்றேன்.